ஆறும் அணையும் கற்பிக்கும் ஆங்கிலம்

ஆங்கில இலக்கணம் என்றதும் நம் பிள்ளைகள் பலர் மலைப்பதுண்டு. விதிகளை வெறுமனே மனனம் செய்வதைவிட, கண்ணெதிரே காணும் இயற்கையைக் கொண்டு அவற்றைப் பயில்வது எளிது.

பினாங்கின் ஆயர் ஈத்தாமை எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் இப்பெயருக்குக் 'கருநீர்' என்பது பொருள். இங்குள்ள அணைக்கட்டு 1962இல் கட்டி முடிக்கப்பட்டது. "ரெயின் ஃபால்ஸ்" என்பது என்றும் நிகழும் உண்மை, ஆதலால் நிகழ்காலம். "த டேம் வாஸ் பில்ட்" என்பது முடிந்த செயல்; கட்டியவரைக் கூறாத செயப்பாட்டு வினை.

இனி, "ரப்பிஷ் வாஸ் த்ரோன் இன்டு த ரிவர்" என்று எழுதச் செய்யுங்கள். ஆற்றில் குப்பை எறியப்பட்டது என்பது பொருள். எறிந்தவர் யார்? வாக்கியம் மறைத்துவிட்டது. அதனையே செய்வினையாக மாற்றுங்கால் எழுவாய் வந்தே தீரவேண்டும்: "வீ த்ரூ ரப்பிஷ் இன்டு த ரிவர்." எறிந்தவர் நாமே!

இவ்வட்டாரத்தை அடுத்த பினாங்கு மலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டது. இத்தகைய செய்திகளைப் பிள்ளைகள் ஆங்கில நாளிதழில் வாசித்து, ஒவ்வொரு வினைக்கும் உரியவர் யாரெனத் தேடட்டும். மொழியறிவோடு பொறுப்புணர்வும் வளரும்.