சாவியின் மௌனம்

ஸ்விட்சைத் தொட்டதும் பைக்குக்கும் ஸ்மார்ட் கீக்கும் இடையே ஒரு கேள்வி பதில் நடந்து முடிகிறது. பைக்கின் ஆண்டெனா குறைந்த அதிர்வெண்ணில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், அழைப்பு விடும். ஓரிரு மீட்டருக்குள் இருக்கும் சாவி விழித்துக்கொண்டு, 433 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசையில் பதில் சொல்லும். கேள்வி ஒவ்வொரு முறையும் புதிது. ரகசிய எண் தெரிந்த சாவிக்குத்தான் சரியான விடை வரும். விடை பொருந்தினால் ஹேண்டில் லாக் விடும், இன்ஜினுக்கு அனுமதி கிடைக்கும்.

இதில் பழுது வந்தால் பைக்குக்கு எப்படித் தெரிகிறது?

கம்பியில் நடப்பதெல்லாம் தெரியும். ஆண்டெனா என்பது ஒரு செம்புச் சுருள்தான். அதில் மின்சாரமே ஓடவில்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது. அளவுக்கு மீறி ஓடினால் ஷார்ட். ஹேண்டில் லாக்கின் மோட்டாரை ஓட்டிவிட்டு, குறித்த நேரத்துக்குள் உள்ளிருக்கும் சிறு ஸ்விட்ச் நிலை மாறுகிறதா என்று பார்க்கும். மாறாவிட்டால் ஒரு பழுதுக் குறியீடு, அதாவது 'கோடு', பதிவாகும். பைக்கின் கட்டுப்பாட்டு மாட்யூல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனில் இடைவிடாமல் தகவல் அனுப்ப வேண்டிய ஒன்று சத்தமில்லாமல் போனால், மற்றவை அதன்மேல் 'யூ' வகைக் கோடு எழுதி வைக்கும்.

காற்றில் நடப்பது தெரியாது. சாவியின் பட்டன் செல் தீர்ந்துவிட்டதா, ஓட்டுபவர் சாவியையே வீட்டில் வைத்துவிட்டு வந்தாரா, பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்மிட்டர் அலையைக் குழப்புகிறதா... பைக்குக்கு மூன்றும் ஒன்றுதான்: பதில் இல்லை. ஆள் நகர்ந்துபோகும் போதெல்லாம் அதைப் பழுது என்று எழுதிக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் பல பைக்குகள் மீட்டரில் சாவிப் படத்தை மினுக்குவதோடு நிறுத்திக்கொள்கின்றன.

பதிவான கோடையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பைக் பேட்டரி நொந்திருந்தாலோ டெர்மினல் தளர்ந்திருந்தாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் நொடியில் வோல்ட் சரிந்து மாட்யூல்கள் ஒன்றையொன்று தொலைக்கும். 'யூ' கோடுகள் கும்பலாக வரும். விவரம் தெரிந்த மெக்கானிக் ஸ்கேனருக்கு முன்னால் மல்டிமீட்டரை எடுப்பது அதனால்தான்.

அந்த ஸ்கேனரிலும் ஒரு சிக்கல் உண்டு. 2023 ஜனவரியில் ஹோண்டா ஆக்டிவாவுக்கு ஸ்மார்ட் கீ வந்தது; அதே ஆண்டு ஏப்ரலில் இரு சக்கர வாகனங்களுக்கு, பழுதை வண்டியே கண்டறிய வேண்டும் என்ற ஓபிடி-2 விதி அமலானது. ஆனால் அந்த விதியின் அக்கறை புகையில்தான், சாவியில் இல்லை. தெருமுனைக் கடையின் பொது ஸ்கேனர் இன்ஜின் கோடுகளைப் படித்துவிடும். சாவி, லாக் சம்பந்தப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் கம்பெனிக் கருவியே வேண்டும்.

இந்த விஷயத்தில் பழைய ஹார்லி டேவிட்சன்கள் தாராளமானவை. டிரிப் பட்டனை அழுத்திக்கொண்டே இக்னிஷனைப் போட்டால் ஓடோமீட்டரில் மாட்யூல்களின் எழுத்துகள் வரும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கோடுகளை உரிமையாளரே பார்க்கலாம். யூ1016 என்றால் இன்ஜின் யூனிட்டின் தகவல் வரவில்லை. பி1121 என்றால் இடது இண்டிகேட்டரில் கோளாறு.

இண்டிகேட்டர் ஸ்விட்சுகள் வேலை செய்வது அங்கே சாவிக்கும் முக்கியம். ஸ்மார்ட் கீ தொலைந்தால் ஐந்து இலக்க ரகசிய எண்ணை உள்ளிடுவது அவற்றால்தான்: இடதை அழுத்தினால் எண் ஏறும், வலதை அழுத்தினால் அடுத்த இலக்கம்.

(தொடரும்)