ரத்தத்தில் கன்டெய்னர் வரிசை

2023 செப்டம்பர், டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. ஊக்கமருந்து சோதனையாளர்கள் வந்திருந்த அன்று, ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் எட்டுப் பேரில் ஓடியது ஒரே ஒருவர். மைதானக் கழிப்பறையில் சிரிஞ்சுகளும் எரித்ரோபாய்டின் மருந்து உறைகளும் கிடந்தன. சுருக்கமாக ஈபிஓ. (பத்து நொடி ஓட்டத்துக்கு அதனால் பெரிய லாபமில்லை; நெடுந்தூரக்காரர்கள் தேடும் சரக்கு அது.)

வடசென்னை ராயபுரத்துக்கு இந்த மருந்து புதிதல்ல. ஸ்டான்லி மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போய்வருபவரின் வீட்டில் இது ரத்தம் ஊறப் போடும் ஊசி. பழுதான சிறுநீரகம் சுரக்காததை ஊசி ஈடுகட்டுகிறது, சிவப்பணு கூடுகிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் போட்டுக்கொண்டால்?

சிவப்பணுக்கள் ஆக்சிஜன் சுமக்கும் லாரிகள்; லாரி கூடினால் சரக்கும் கூடும் என்பது காகிதக் கணக்கு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக வாசலுக்காகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் வரிசையைப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். ஆண்களின் ரத்தத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் சிவப்பணுக்கள். அதைத் தாண்டினால் கெட்டித்தன்மை விறுவிறுவென ஏறும். ரத்தத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: வேகமாகப் பாய்ந்தால் இளகும், மெதுவானால் இறுகும். வேகத்தில் அணுக்கள் நீண்டு, ஓட்டத்தின் திசைக்கு வளைந்து கொடுக்கின்றன; வேகம் குறைந்ததும் காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. நின்ற லாரிகள் தாமாகவே கொக்கி மாட்டிக்கொண்டு கூட்ஸ் ரயிலாகிவிட்டால் திருவொற்றியூர் என்ன ஆகும்? ஆகவே கவலை ஓடும் நேரத்தைப் பற்றி மட்டுமல்ல. வியர்த்து நீரிழந்த உடல், நிமிடத்துக்கு நாற்பதை ஒட்டித் துடிக்கும் பயிற்சி பெற்ற இதயம், நள்ளிரவு உறக்கம்: ரத்தம் கட்டியாக உறைய இது தோதான நேரம். அந்தக் கட்டி நுரையீரலுக்கோ மூளைக்கோ போகலாம்.

விளையாட்டில் இதன் வரலாறு இவ்வளவுதான்: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் வீரர்கள் சிலர் ரத்தம் ஏற்றிக்கொண்டார்கள், அது அப்போது தடைசெய்யப்படவில்லை. 1986இல் தடை வந்தது. ஒலிம்பிக்கில் ஈபிஓ சோதனை வந்தது 2000 சிட்னியில்தான்.

1980களின் கடைசியில் ஐரோப்பிய சைக்கிள் வீரர்கள் தூக்கத்திலேயே செத்தது ஈபிஓவால்தான் என்ற கதை இன்றும் சுற்றுகிறது, நிரூபணம் இல்லை. உறுதியான எச்சரிக்கை நோயாளிகளிடமிருந்து வந்தது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,432 சிறுநீரக நோயாளிகள். ஹீமோகுளோபினை 11.3க்குப் பதில் 13.5 கிராமுக்கு ஏற்ற முயன்ற பிரிவில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்த்து 125 பேருக்கு. மற்றப் பிரிவில் 97.

பலன்? 2017இல் டச்சு ஆய்வாளர்கள் 48 அமெச்சூர் சைக்கிள்காரர்களில் பாதிப் பேருக்கு ஈபிஓவும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் எட்டு வாரம் போட்டு, பிரான்ஸின் மோன் வான்டூ மலையில் ஏறவிட்டார்கள். ஆய்வகச் சைக்கிளில் ஈபிஓ கோஷ்டியின் உச்சத்திறன் கூடியிருந்தது. மலையுச்சியை அவர்கள் உப்புநீர் கோஷ்டியைவிடச் சீக்கிரம் தொடவில்லை.