கால் மரத்தால் நரம்பு மாத்திரை சரி... இதய நரம்புக்கு?

"காலு மதமதன்னு இருக்குதுங்க, ஒரு நரம்பு மாத்திரை குடுங்க." கோவைப் பக்கம் மருந்துக்கடைகளுக்குப் பழக்கமான குரல் இது. சர்க்கரை நோயாளிகள் வாங்கும் இந்த மாத்திரைகளில் பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமின் இருக்கும். சிலவற்றில் ஆல்பா லிபோயிக் ஆசிடும் சேர்ந்திருக்கும்.

ஆனால், சர்க்கரை நோய் கால் நரம்புகளோடு நிற்பதில்லை. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் நரம்புகளையும் அது பாதிக்கும். அப்போது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் இதயம் படபடக்கலாம். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை கிறுகிறுக்கலாம். நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம் என்பதுதான் பெரிய ஆபத்து. திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், தாங்க முடியாத அசதி வந்தால் 'வாயு' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை தடுக்குமா?

1997-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், 73 பேரில் ஒரு பிரிவினருக்கு 4 மாதங்கள் ஆல்பா லிபோயிக் ஆசிட் தரப்பட்டது. இதய நரம்புகளின் செயல்பாட்டில் சிறிய முன்னேற்றமே தெரிந்தது. டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு இதே மருந்தை வேறு இரண்டு மருந்துகளுடன் 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2013) பலன் இல்லை. கிரீஸில் 2021-ல் வெளியான ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்துவந்த 90 பேரில் பி12 சாப்பிட்டவர்களுக்குக் கால் வலி குறைந்தது. இதய நரம்புப் பரிசோதனைகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

அதற்காக பி12 வீண் என்று அர்த்தமில்லை. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுத்தால் உடலில் பி12 குறையலாம். சுத்த சைவம் என்றால் கூடுதல் கவனம் தேவை. ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால், டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள்.

எது காப்பாற்றும்?

டென்மார்க்கில் டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 160 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கண்காணித்தார்கள். சர்க்கரை, பிபி, கொழுப்பு மூன்றையும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தி, உணவு, உடற்பயிற்சியிலும் கவனம் செலுத்திய பிரிவில் இந்த நரம்புப் பாதிப்பின் ஆபத்து சுமார் 60 சதவிகிதம் குறைந்தது.

அடுத்தமுறை கோவை அரசு மருத்துவமனைக்கோ, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகும்போது, படுத்த நிலையிலும், எழுந்து நின்று 3 நிமிடங்களுக்குள்ளும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளிகள் குறைந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். இதற்கு பிபி கருவி ஒன்றே போதும்!