விலாசம் உங்களுடையது, பார்சல் யாருடையது?

ரயில்வே பார்சல் ரசீதில், 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒன்று வரும். அனுப்புகிறவர் 'பழைய துணி' என்று எழுதிக் கொடுத்தால் ரயில்வேக்கும் அது பழைய துணிதான். மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் ஒரு வண்டியும் நேரத்துக்குக் கிளம்பாது. (இப்போது மட்டும் கிளம்புகிறதா என்று கேட்காதீர்கள்!) நான் பாலக்காடு கோட்டத்தில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டவன், பார்சல் ஆபீஸ் என் பொறுப்பில் இருந்ததில்லை. ஆனாலும் தபால், கூரியர், ரயில் பார்சல் மூன்றுமே அனுப்புகிறவர் சொல்லை நம்பித்தான் ஓடுகின்றன என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். போதைப்பொருள் வியாபாரிக்கு முதலீடே அந்த நம்பிக்கைதான்.

ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கவலை கஞ்சாவோடு நின்றது. அதற்கு எடை உண்டு, வாடை உண்டு. வாளையாறு, குமுளி, போடிமெட்டு சோதனைச் சாவடிகளிலோ ஒலவக்கோடு பிளாட்பாரத்திலோ மோப்ப நாய் கண்டுபிடித்துவிடும். 2019 முதல் ரயில்வே பாதுகாப்புப் படையினரே போதைப்பொருள் சட்டப்படி சோதனை போட்டுக் கைது செய்யலாம்.

எல்.எஸ்.டி. அப்படியல்ல. மருந்தில் தோய்த்த காகிதத் துண்டு, தபால்தலையை விடச் சிறியது. சாதாரணக் கடித உறைக்குள் வைத்தால் தபால்காரர் என்ன செய்வார், பாவம்!

2025 ஜூன் 28 அன்று மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கொச்சி அலுவலகத்தார் சில தபால் உறைகளைப் பிடித்தபோது, அவற்றில் 280 எல்.எஸ்.டி. துண்டுகள் இருந்தன. மறுநாள் மூவாற்றுப்புழையில் ஒரு வீட்டைச் சோதித்ததில் மேலும் 847 துண்டுகளும் 131.66 கிராம் கெட்டமைனும் கிடைத்தன. கம்ப்யூட்டரில் மறைமுகச் சந்தை, பணத்துக்குக் கிரிப்டோ நாணயம், பட்டுவாடாவுக்கு நம்முடைய தபால்! ஆஸ்திரேலியாவுக்குக் கெட்டமைன் பார்சல் அனுப்பியதாக இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியும் அதையொட்டிக் கைதானார்கள். குற்றவாளிகளா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

சந்தேகப் பார்சலை உடனே பறிமுதல் செய்யாமல், போகவிட்டுப் பின்தொடர்வதற்கும் சட்டத்தில் இடமுண்டு. 2001 திருத்தத்தில் வந்த 50-ஏ பிரிவு அது. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவரிடம்தான் அதிகாரிகள் முதலில் வந்து நிற்பார்கள்.

நான் இதை எழுதுவதே அந்த 'வாங்குகிறவர்' யார் என்பதற்காகத்தான். சொந்த ஊர் கம்பமோ போடியோ, பிழைப்பு இடுக்கியிலும் பாலக்காட்டிலும் என்று இருக்கிற குடும்பங்கள் நாம். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். கல்லூரிப் பையனிடம் சிநேகிதன் சொல்வான்: "மச்சான், ஹாஸ்டல்ல வாங்க முடியாதுடா. உன் வீட்டு விலாசம் போட்டுக்கிறேன், வாங்கி வை." பையனும் ஒரு பிரியாணிக்காகச் சரி என்பான். உறைக்குள் என்ன என்று அவனுக்குத் தெரியாமலே இருக்கலாம். ஆனால் 35-வது பிரிவின்படி, அறிந்தே செய்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அவன்தான் நிரூபிக்க வேண்டும். எல்.எஸ்.டி.யில் 0.1 கிராமே வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. ஜாமீனும் லேசில் கிடைக்காது.

ஆகவே நம் பெயருக்கு, நாம் கேட்காத பார்சல் வந்தால் கையெழுத்துப் போடாமல் 'வேண்டாம்' என்று திருப்பிவிடலாம். தபாலில் அதற்கு வழி உண்டு. சந்தேகமாக இருந்தால் பிரிக்காமல் போலீஸுக்குத் தகவல் சொல்லலாம். ஆதார் நகல் கொடுக்கும்போது எதற்காகக் கொடுத்தோம் என்று அதன் மேலேயே எழுதித் தேதி போடுங்கள். பக்கத்துக் கடையில் பார்சலை விட்டுப் போகச் சொல்லும் பழக்கம் மலைப்பக்கத்தில் அதிகம். கடைக்காரரிடம், "எங்க பேருக்கு எது வந்தாலும் ஒரு போன் போட்டுட்டு வாங்குங்கண்ணே" என்று சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோவில் கைது செய்கிறோம்" என்று போன் வந்தால் அது மோசடி. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள். கடத்தல் பற்றிய தகவலுக்கு 1933. பிள்ளையே பழக்கத்துக்கு ஆளாகியிருந்தால் கேரள அரசின் விமுக்தி, 14405.