தண்ணீர் குடித்த இஞ்சினுக்கு உயிர் வருமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் ரோபோ, செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார் என்று பெரிய தலைப்புகளையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சமிருந்தது ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்தான். அதுவும் ஓடையில் ஒரு ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்தது. அதோடு நான் பட்ட பாடு உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம். அப்பா வீடு வீடாகப் பால் வாங்கி, எக்ஸ்.எல். சூப்பரில் கேன் கட்டிக் கொண்டுபோய் ஊற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அந்த வண்டி ஓடினால்தான் எனக்கு பஸ் காசு, பரீட்சை ஃபீஸ் எல்லாம்.

2024 டிசம்பர் மழையில் ஒரு நாள் விடியற்காலை, தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "முழங்கால் தண்ணிதானே" என்று அப்பா இறங்கிவிட்டார். நடுப்பாலத்தில் இஞ்சின் நின்றுபோச்சு. இழுப்பில் வண்டி சாய்ந்து ஓடைக்குள் போயிற்று. அப்பா எப்படியோ கரையேறிவிட்டார். மறுநாள் தண்ணீர் வடிந்தபிறகு கயிறு கட்டி வண்டியை இழுத்தோம். டேங்க் மூடிவரை சேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் அடியில் ஆயில் தனியாக இருக்கும். கிராங்க், பேரிங் எல்லாம் அதில் நனைந்துகொண்டே சுற்றும். பெட்ரோல் கலவை மேலே ஹெட் வழியாக வந்து மேலேயே எரிந்து போய்விடும், அடி அறைக்கு வராது. டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் கலவை முதலில் கிராங்க் சுற்றும் அடி அறைக்குள்தான் நுழைகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அங்கே அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1890-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏற்பாடு இது. வால்வு கிடையாது, கேம் கிடையாது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. அதனால்தான் 70 சி.சி.கூட இல்லாத வண்டி இரண்டு பால் கேனையும் எங்கப்பாவையும் சுமக்கிறது.

ஆனால் அந்த அடி அறையில் ஆயில் தேங்கி நிற்பதில்லை. பெட்ரோலில் கலந்து வரும் 2டி ஆயிலின் மெல்லிய படலம்தான் மெயின் பேரிங்குக்கும், கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்குக்கும் உள்ள ஒரே பாதுகாப்பு. கார்புரேட்டர் வழியாகத் தண்ணீர் நுழைந்தால் அது நேராக அங்கேதான் போய்த் தங்கும். படலத்தைக் கழுவிவிட்டு, வெறும் எஃகின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பட்டறை அண்ணன் சொன்னார்: "பார்ட்ஸ் கம்மின்னு உங்க புத்தகத்துல பெருமையா போட்டிருப்பான் தம்பி. பார்ட்ஸ் கம்மியா இருக்கிறதுனாலதான் தண்ணிக்கு வழி நேரா இருக்கு."

எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். அந்த ஒரு வரி எனக்கு எந்தப் பாடத்திலும் கிடைக்கவில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன். தப்பு ஒன்றல்ல, இரண்டு.

வண்டியை வெளியே எடுத்ததும் வேப்பமரத்தடியில் நிறுத்தி, "நல்லா காயட்டும்" என்று மூன்று நாள் வெயிலில் விட்டேன். நான் மெக்கானிக்கல் படிக்கிறவன் என்பதால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையில் அந்த மூன்று நாள்தான் இஞ்சினைக் கொன்றது. முழுகிக் கிடக்கும்போது இரும்புக்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கிறது. வெளியே எடுத்து, ஈரமும் காற்றும் சேர்ந்து பட ஆரம்பித்தால்தான் துரு ஓட்டமாக ஓடுகிறது. கடலோரத்தில் படகு இஞ்சின் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். கடலில் விழுந்த இஞ்சினை உடனே பிரிக்க ஆள் இல்லையென்றால், நல்ல தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே முக்கி வைத்திருப்பார்கள். பிரிக்கும்போதுதான் வெளியே எடுப்பார்கள். நான் கேட்டபோது நம்பவில்லை. தண்ணீரில் விழுந்ததை மறுபடியும் தண்ணீரிலா போடுவார்கள்? யோசித்தால் சரிதான்.

இரண்டாவது தப்பு, நான்காம் நாள் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, கொஞ்சம் டீசல் ஊற்றி, மிதிமிதி என்று மிதித்து ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். ஆமாம், ஸ்டார்ட் ஆகிவிட்டது! அம்மா தேங்காய் உடைத்தார். இரண்டாம் நாள் அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். மூன்றாம் நாள் பட்டறை.

பிரித்துப் பார்த்தபோது அடி அறையில் வண்டல். ராடின் அடிப் பேரிங் ஊசிகளில் செம்மண் நிறத்தில் துருப்புள்ளிகள். ஓடையில் விழுந்தது தெளிந்த தண்ணீராக இருந்திருந்தால் நான் செய்ததே போதுமாக இருந்திருக்கலாம். சேற்றுத் தண்ணீர் என்றால் இஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. அந்த மண் உப்புத்தாள் மாதிரி போரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். ராடு, பேரிங், ஆயில் சீல், ரிங், கேஸ்கட் எல்லாம் புதுசு போட்டோம். அந்த செமஸ்டருக்கு வைத்திருந்த காசு அதில் போயிற்று. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

அண்ணனிடம் பத்து நாள் கூடவே நின்று பார்த்ததில், எடுத்தவுடன் செய்யவேண்டியது இதுதான். முதலில், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது. மேலே தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் வேகமாக ஏறினால் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி வண்டியைச் சாய்த்து, மெதுவாக மிதித்துத் தண்ணீரைக் கக்க வைக்கவேண்டும். டேங்க் பெட்ரோலை முழுக்க இறக்கிவிட வேண்டும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அதுதான். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தொல்லை உண்டு. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பதை வடிகட்டி ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

கார்புரேட்டர் கப்பைக் கழற்றி ஜெட்டை ஊதவேண்டும். ஏர் ஃபில்டர், சைலன்சர் இரண்டிலும் தண்ணீர் நிற்கும், பலரும் சைலன்சரை மறந்துவிடுகிறார்கள். மேக்னட் மூடியைத் திறந்து துடைக்க வேண்டும். கியர் ஆயிலை இறக்கிப் பாருங்கள், டீ மாதிரி வெளுத்து வந்தால் அங்கேயும் தண்ணீர் போயிருக்கிறது. பிறகு அன்றைக்கே, மறுநாள் இல்லை, பிளக் ஓட்டையிலும் கார்புரேட்டர் வாயிலும் 2டி ஆயில் விட்டு மிதித்து உள்ளே எங்கும் பூசிவிட வேண்டும். பிரிக்க ஒரு வாரம் ஆனாலும் அப்புறம் பயம் இல்லை.

ஓடத் தொடங்கியதும் லிட்டருக்கு 20 மில்லி போடும் இடத்தில் முதல் டேங்குக்கு மட்டும் 40 மில்லி போட்டோம். புகை ஊரையே மறைத்தது!

ஆயில் சீலைப் பற்றி ஒரு வார்த்தை. கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் அந்த ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் அடி அறைக்குள் வெளிக்காற்று ஏறும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு கூடும், கடைசியில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். விலையைப் பார்த்து இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முட்டுக்காடு படகுத்துறையில் வாட்டர் ஸ்கூட்டர் பார்த்திருப்பீர்கள். 1970-களின் தொடக்கத்தில் கவாசாகி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ஜெட் ஸ்கீ இதன் முன்னோடி. வெகுகாலம் அவற்றிலும் டூ-ஸ்ட்ரோக்தான். கவிழ்ந்து தண்ணீர் குடித்தால் வைத்தியமும் ஏறக்குறைய எங்கள் பால்வண்டிக்குச் செய்ததுதான். கடல் தண்ணீர் என்பதால் முதலில் நல்ல தண்ணீரில் அலசவேண்டும், அவ்வளவு வித்தியாசம். ஆனால் அதில் ஒரு தனிக் கண்டம் உண்டு. இஞ்சினைக் குளிர்விக்க வெளித்தண்ணீரையே பம்பு உள்ளே தள்ளுகிறது. நின்றுபோன ஸ்கூட்டரை இன்னொரு படகில் கட்டி வேகமாக இழுத்தால், ஓடாத இஞ்சினுக்குள்ளும் அந்தக் குழாய் வழியே தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். சைலன்சரை நிரப்பி சிலிண்டருக்கே வந்துவிடும். குழாயை நசுக்கிப் பிடித்து, மெதுவாகத்தான் இழுக்கவேண்டும். அதேபோல் கரையில் ஹோஸ் வைத்துக் கழுவும்போது இஞ்சினை ஓடவிட்ட பிறகே தண்ணீரைத் திறக்கவேண்டும், தண்ணீரை மூடிய பிறகே இஞ்சினை நிறுத்தவேண்டும். பழையது வாங்குகிறவர் எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்ப்பது நல்லது. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்கவேண்டும். நம்மில் யார் வாங்கப்போகிறோம் என்கிறீர்களா? வேலைக்குப் போகும் இடத்தில் கழற்றச் சொல்வார்கள் அல்லவா!

புதிதாக வரும் எக்ஸ்.எல். நான்கு ஸ்ட்ரோக். எங்கள் பக்கம் பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. அப்பாவின் வண்டியும் ஓடுகிறது. காலைக் குளிரில் மட்டும் நாலு மிதி அதிகம் கேட்கிறது. ஓடையில் தண்ணீர் வந்தால் அப்பா இப்போது மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். கேட்டால், "டீசல் ஊத்த நீ இருக்கன்னு தண்ணியில இறங்கச் சொல்றியா?" என்கிறார்.