அடியிலிருந்து முட்டிய தண்ணீர்

நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் அந்த ராட்சதச் சக்கரத்தில்தான் போய் நிற்கும். விளிம்பைச் சுற்றிப் பக்கெட்டுகள் பூட்டிய சக்கரம் மெதுவாகச் சுழன்று மண்ணைச் சீவ, சீவிய மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறிக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போகும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், சுரங்கத்தில் ஆங்காங்கே நிற்கும் ஆழ்துளைக் கிணறுகளையும், அவற்றிலிருந்து கால்வாயில் கொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த இறைப்பு ஓய்ந்ததில்லை. பொங்கலுக்கும் ஓயாது, தீபாவளிக்கும் ஓயாது. ஓய்ந்தால் சுரங்கம் இருக்காது.

1930களின் நடுவில் இங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தேடியது தண்ணீர். மேலே வந்ததோ தண்ணீரோடு சேர்ந்த கறுப்புக் கட்டிகள். அது எரியும் பொருள் என்று தெரிந்துகொள்வதற்கும், அதை வெட்டி எடுப்பதற்கும் இடையே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. 1940களில் துளையிட்டுப் பார்த்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் வந்து பார்த்தது. பூமிக்கடியில் லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரி இருப்பது உறுதியானது. எடுக்க முடியுமா என்பதுதான் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. காரணம், முதலியார் தேடிய அதே தண்ணீர்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கு நெய்வேலிக்கு மேற்கே மேட்டுப் பகுதியில் தரைமட்டத்துக்கு வருகிறது. அங்கே பெய்யும் மழை மணற்கல்லுக்குள் இறங்கி, கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து, லிக்னைட் படுகைக்கு அடியில் வந்து சேர்கிறது. மேலே களிமண் மூடி போட்டாற்போல் இருப்பதால் அந்த நீருக்கு வெளியே வர வழியில்லை. மேட்டிலிருந்து இறங்கிய நீரின் அழுத்தம் முழுவதும் அடியில் தேங்கி நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று அளந்திருக்கிறார்கள். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 10 மீட்டர் நீர்த்தம்பத்தின் கனம். அப்படியானால் 60, 80 மீட்டர் உயரத் தண்ணீர் கீழேயிருந்து மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் குழாய் இறக்கினாலே மோட்டார் இல்லாமல் தண்ணீர் பீறிட்டதற்கு அந்த அழுத்தம்தான் காரணம். விவசாயிக்கு அது வரம். சுரங்கம் வெட்டுகிறவனுக்கு அது காலன். மேல்மண் என்கிற கனம் அழுத்திக்கொண்டிருக்கும்வரை நீர் அடங்கி இருக்கும். கனத்தை எடுத்துவிட்டால் தரை உப்பி, வெடித்து, குழி ஏரியாகிவிடும்.

ஆகவே நெய்வேலியில் முதல் பாடம் ஒரு தோல்வியை ஒப்புக்கொள்வதில் தொடங்கியது. வெட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. 1950களின் தொடக்கத்தில் சென்னை மாநில அரசு சோதனைக் குழி வெட்டியது. கிணறுகள் போட்டு இறைத்துப் பார்த்தது. எவ்வளவு இறைத்தால் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று குறித்துவைத்தது. அதற்குப் பிறகுதான் பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் ஆண்டுக்கு 35 லட்சம் டன் எடுக்கலாம் என்று திட்டம் வரைந்து கொடுத்தது. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து வெட்டும் பணியைத் தொடங்கிவைத்தார். முதலமைச்சர் காமராஜர்.

லிக்னைட்டின் முகம் தெரிந்தது 1961 ஆகஸ்டில். நடுவில் நாலு வருஷம். இந்த நாலு வருஷத்தைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். தொடக்க விழா ஒரு வரி, முதல் மின்சாரம் ஒரு வரி. நெய்வேலி உண்மையில் உருவானது இரண்டுக்கும் நடுவில்தான்.

பக்கெட் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அங்கே ரைன்லாந்துப் பகுதியில் லிக்னைட்டின் மேல் கிடப்பது பெரும்பாலும் மணலும் சரளையும் களிமண்ணும். சக்கரம் அவற்றை வெண்ணெயைப் போல வழித்தெடுக்கும். நெய்வேலியில் மேலே கிடந்ததோ கடலூர் மணற்கல். உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பு, இடையிடையே இரும்பாய் இறுகிய பட்டைகள். பக்கெட்டின் பற்கள் தேய்ந்தன, முறிந்தன. பல் மாற்றுவதற்காக இயந்திரம் நின்றது. இயந்திரம் நின்றால் பின்னால் பெல்ட் நின்றது, பெல்ட் நின்றால் கடைக்கோடியில் மண்ணைக் கொட்டும் ஸ்ப்ரெடரும் நின்றது. ஒரு பல் முறிந்ததற்கு ஒரு வரிசையே நின்றது. மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஊறிய களிமண் பக்கெட்டிலேயே ஒட்டிக்கொண்டு கீழே விழ மறுக்கும்.

இயந்திரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். மண் சரியில்லை என்று திட்டத்தைக் கைவிட்டிருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கு ஆதரவாளர்கள் கிடைத்திருப்பார்கள். நெய்வேலிக்காரர்கள் செய்தது வேறு. சக்கரம் வருவதற்கு முன்பே பாறையில் துளையிட்டு வெடி வைத்துத் தளர்த்தினார்கள். பற்களுக்குத் தேயாத உலோகப் பூச்சு கொடுத்துப் பார்த்தார்கள், வடிவத்தை மாற்றிப் பார்த்தார்கள். எந்த அடுக்கில் எந்தப் பல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்ற கணக்கு பெருகியது. அடுத்த தலைமுறை இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது, இந்த மண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை ஜெர்மானியர்களுக்கே சொல்லும் இடத்துக்கு நம்மவர்கள் வந்திருந்தார்கள். பிற்பாடு இரண்டாம் சுரங்கத்தில் இறங்கியவை 1400 லிட்டர் பக்கெட் கொண்ட பெரிய இயந்திரங்கள். தேய்ந்துபோன ஆயிரக்கணக்கான பற்கள் கொடுத்த அறிவு அது.

தண்ணீரிலும் இதே கதைதான். முதலில் பயத்தில் இறைத்தார்கள். பிறகு, எந்த இடத்தில் கிணறு போட்டால் குறைவாக இறைத்தும் அழுத்தம் அடங்குகிறது, வெட்டுமுகம் நகர நகரக் கிணறுகளை எப்போது மாற்ற வேண்டும் என்று கணக்கிட்டு இறைத்தார்கள். நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு என்று தனிப் பிரிவே வளர்ந்தது. கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிறார்கள், குறிக்கிறார்கள். இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போக, மீதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் நெல்லாகிறது.

1962இல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தில் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியது. 1970க்குள் 600 மெகாவாட். ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்து 2020இல் ஓய்வுபெற்றது அந்த நிலையம். ஆங்கிலேயர் அறிக்கை, ஜெர்மானிய இயந்திரம், ரஷ்ய மின்நிலையம் என்று, பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், பகை நாட்டுக்காரர்கள் தென்னார்க்காட்டு வெயிலில் ஒரே ஊரில் வேலை பார்த்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும்.

எல்லாமே வென்றுவிடவில்லை. லிக்னைட்டைக் கட்டியாக்கிக் கரித்து 'லெக்கோ' என்று விற்றார்கள். ஒரு தலைமுறை அதில் சமைத்தது. லிக்னைட்டை வாயுவாக்கி யூரியா தயாரித்தார்கள். கேஸ் அடுப்பு வந்ததும் லெக்கோ தளர்ந்தது. யூரியாவுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. 2000களின் தொடக்கத்தில் இரண்டும் மூடப்பட்டன. அவற்றைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலம் மாறியது, நிறுத்தத் தெரிந்தது. அவ்வளவுதான்.

நான் தவறு என்று சொல்ல வருவது 2020ஐ.

அந்த ஆண்டு மே 7, இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாவது யூனிட்டில் பாய்லர் பகுதியில் வெடிப்பு. எட்டுத் தொழிலாளர்கள் தீக்காயப்பட்டார்கள். அவர்களில் சிலர் மருத்துவமனையில் இறந்தார்கள். ஊரடங்குக் காலம். நாடு வேறு கவலையில் இருந்தது. ஜூலை 1 காலை, அதே நிலையம், பக்கத்து யூனிட்டான ஐந்தாவது. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். அடுத்த நாட்களில், வாரங்களில், சிகிச்சையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நிரந்தர ஊழியர்களும் இருந்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மே 7க்கும் ஜூலை 1க்கும் இடையே 55 நாள்.

லிக்னைட் சாதாரண எரிபொருள் இல்லை. பாதிக்குப் பாதி ஈரம். ஆனால் உலர்ந்து தூளானால் தானாகவே கனன்று தீப்பற்றும் குணம் உண்டு. குவித்து வைத்தாலே சூடேறும். இதை நெய்வேலியில் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். பாய்லர் பக்கத்து வேலை எப்போதும் உயிரோடு விளையாடுகிற வேலை என்பது நிஜம். அதனால்தான் அந்த 55 நாள் என்னை உறங்கவிடாமல் செய்தது. ஒரு பல் முறிந்தால் ஏன் முறிந்தது என்று எழுதிவைத்த ஊர் அது. நீர்மட்டம் ஏறினால் அன்றைக்கே ஆள் ஓடிப்போய்ப் பார்க்கும் ஊர். அந்த ஊரில் ஒரு வெடிப்பு கற்றுக்கொடுத்திருக்க வேண்டியது பக்கத்து யூனிட்டுக்குப் போய்ச் சேர ஏன் 55 நாள் போதவில்லை?

நீண்ட நாள் யோசித்து எனக்குப் பிடிபட்டது இது. சுரங்கத்தின் அடியில் தண்ணீர் முட்டினால் தலைமைப் பொறியாளரும் போவார், ஹெல்ப்பரும் போவார், கோடிக்கணக்கில் விலை கொடுத்த இயந்திரமும் போகும். எல்லோரும் நிற்பது ஒரே குழியில். அதனால் அந்தப் பாடத்தை யாரும் தள்ளிப்போடவில்லை. பாய்லர் அருகே நிற்பவர் யார்? பெரும்பாலும் ஷிப்டுக்கு வந்த தொழிலாளி. விலை கொடுப்பவர் ஒருவராகவும் முடிவெடுப்பவர் வேறொருவராகவும் இருக்கும் இடத்தில் பாடம் மெதுவாகத்தான் மேலே ஏறுகிறது. விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழுக்கள் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து இடைக்கால அபராதம் விதித்தது. மூடிய யூனிட்டுகளைச் சோதித்தார்கள். அபராதமும் சோதனையும் வந்தது இரண்டாவது வெடிப்புக்குப் பிறகு.

நிலத்தின் கதையும் இப்படித்தான். நெய்வேலிக்காக முதலில் எழுந்துபோன கிராமங்களின் பெயர்கள் இன்று நகரியத்து வட்டங்களில் வாழும் இளையவர்களுக்குத் தெரியாது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வேலை கேட்டும் கூடுதல் இழப்பீடு கேட்டும் இன்னும் நிற்கிறார்கள். 2023 ஜூலையில், வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக, நெல் நின்ற வயலில் இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் முன்பே கையகப்படுத்தியதுதான், பணம் கொடுத்ததுதான் என்பது நிறுவனத்தின் வாதம். சட்டப்படி அது இருக்கட்டும். அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்தால் என்ன என்று தமிழ்நாடே கேட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வேதனையோடு பேசியது. பயிருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தண்ணீரோடு அறுபது வருஷம் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒரு நிறுவனத்துக்கு, பக்கத்து வயல்காரரோடு ஒரு போகம் பொறுத்திருக்கத் தெரியவில்லை. நெய்வேலியை நேசிக்கிற ஒருவனாக இதை எழுதுகிறேன்.

நேசிக்கக் காரணமும் அங்கேயே இருக்கிறது. வெட்டி முடித்த குழியில் மேல்மண்ணை மறுபடி கொட்டி நிரப்பினால், அது மண்ணாக இருக்காது. சத்தும் உயிரும் அற்ற கலவையாக இருக்கும். நட்டது பிழைக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொழு உரம் இட்டு, பசுந்தாள் உரம் விதைத்து மடக்கி உழுது, எது கருகுகிறது, எது தாங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்ததில், அந்த மேடுகளில் இன்று மரம் நிற்கிறது, நெல்லும் விளைந்திருக்கிறது. விட்டுக்கொடுத்த நிலத்துக்கு இது ஈடாகாது. ஆனால் செத்த மண்ணிடம் கூட அந்த ஊர் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக நான் சுரங்கத்தின் ஓரத்தில் நின்றது ஒரு மாலை நேரம். ஷிப்ட் மாறும் நேரம், பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கீழே சக்கரம் சுழன்றது. பக்கத்தில் ஒரு பெரிய குழாய் வாயிலிருந்து தண்ணீர் தொப்பென்று கால்வாயில் விழுந்து, வெதுவெதுப்பாக, வயலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. குழாயருகே ஒருவர் டார்ச் அடித்து அளவைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த கிணற்றுக்கு நடந்தார்.