'அந்த நாள்': உஷா சொல்வதை நம்பலாமா?

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வீட்டில் சொந்தபந்தம் கூடினால், ஒருநாள் ராத்திரி பழைய படம் போடுவது எங்கள் வழக்கம். இந்த முறை 'அந்த நாள்'. படம் முடிந்தும் யாரும் தூங்கப் போகவில்லை, அப்படி ஒரு சண்டை! சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் வாதாடியதாகத் தலபுராணம் சொல்கிற ஊர். எங்களைக் கேட்கவா வேண்டும்? (முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.)

1954-ல் ஏவி.எம் தயாரிக்க, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய படம். பாட்டே கிடையாது. வெளியானபோது வசூலும் சரியில்லை. ரேடியோ இன்ஜினீயர் ராஜனாக வரும் சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். யார் சுட்டது என்று சி.ஐ.டி அதிகாரி விசாரிப்பதுதான் மீதிக் கதை. அந்த அதிகாரியாக நடித்த ஜாவர் சீதாராமன்தான் வசனமும் எழுதியவர்.

பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியைச் சந்தேகப்படுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே கைகாட்டுகிறான். ஹேமா, ராஜனோடு பழகிய அம்புஜத்தை. அம்புஜமோ திரும்ப சின்னையா பிள்ளையை! சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம். ஒவ்வொருவர் சொல்லும்போதும் ராஜன் வேறு ஆளாகத் தெரிகிறார்.

உடனே 'ரஷோமான்' காப்பி என்பார்கள். குரோசவாவின் அந்த 1950 படம் பாலசந்தரைப் பாதித்தது உண்மைதான். ஆனால், அதில் ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். கடைசிவரை எது நிஜம் என்று உறுதியாகத் தெரியாது. 'அந்த நாளி'ல் ஆளுக்கொரு சம்பவம், ஆளுக்கொரு சந்தேகம். முடிவில், 'இதுதான் நடந்தது' என்று படமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. 'விருமாண்டி'யும் இப்படித்தான், எந்தக் கதையை நம்ப வேண்டும் என்று நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தீர்ப்பில்தான் எங்கள் வீட்டுச் சண்டையே. தன் கண்டுபிடிப்புக்கு இங்கே மதிப்பில்லை என்ற ஆத்திரத்தில் ராஜன் ஜப்பான்காரர்களுக்கு ரகசியம் விற்கிறான். மனைவி உஷா (பண்டரிபாய்) அதைக் கண்டுபிடித்துத் துப்பாக்கியை நீட்டுகிறாள். சுட வேண்டாம் என்று மனசு மாறிய பிறகு கை தவறி வெடித்துவிட்டது. இது அவள் கணக்கு.

"மத்த எல்லார் சொல்லையும் சந்தேகப்பட்டீங்க. இவ சொல்லுதத மட்டும் எதுக்கு அப்படியே நம்பணும்? அந்த ரூம்ல வேற யாரு இருந்தா?" என்றாள் மதினி. நான் இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவள். ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றவில்லை. பண்டரிபாய் அழுதால் நம்பிவிடுகிறோம், அவ்வளவுதான்!

சித்தப்பா விடவில்லை. "தெரிஞ்சே சுட்டாலும் என்ன தப்பு? குண்டு விழுந்தா சாகுறது நம்ம ஜனம்." 1943 அக்டோபரில் சென்னையில் நிஜமாகவே ஜப்பான் விமானம் குண்டு போட்டது. அதன் பின்னணியில்தான் கதையே நடக்கிறது.

"அப்போ நேதாஜி?" என்றார் தாத்தா. கேள்வி நியாயமானது. அதே 1943-ல்தான் நேதாஜி சிங்கப்பூரில் ஐ.என்.ஏ தலைமையை ஏற்றார். மலேயாத் தமிழர்கள் ஏராளமான பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களும் ஜப்பானோடு நின்றவர்கள்தானே? ராஜனுக்கு விடுதலை வெறி இல்லை, சொந்தக் கோபம்தான். அதனால், அவனை அந்த வரிசையில் சேர்க்க நான் ஒப்பமாட்டேன். ஆனால், 1943-ல் 'தேசத்துரோகம்' என்றால் எந்த தேசத்துக்கு என்பதைப் படம் வசதியாகத் தாண்டிப் போகிறது. சுதந்திரம் கிடைத்து ஏழு வருஷம் கழித்து எடுத்த படம். உஷாவைக் குற்றவாளியாக விட்டுவிட அவர்களுக்கு மனசு வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆச்சி அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் பாயை விரித்துக்கொண்டே கேட்டாள்: "அவன் என்ன சொல்லுவான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்க முடியாதே... அவன்தான் முதல் காட்சியிலேயே போய்விட்டானே!